ஒரு யூனிட் என்ன விலை?

கரண்ட் பில் ஏறிவிட்டால் வீட்டில் முதல் பழி விழுவது விளக்கின் மேல். ஆளில்லாத அறையில் லைட் எரிவதைப் பார்த்தால் அப்பாக்களுக்குப் பொறுக்காது. அதே அப்பா கீசரைப் போட்டுவிட்டுப் பேப்பரை விரித்து உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் எழுந்திருக்க மாட்டார். இன்றைய எல்.இ.டி. பல்பு 9 வாட், கீசர் 2,000 வாட். அப்பா திட்டித் திட்டி அணைத்த பல்பு இரண்டு முழு நாள் எரிந்து தீர்க்கும் மின்சாரத்தைக் கீசர் கால் மணிக்குள் இழுத்துவிடும்.

வாட், யூனிட் இரண்டையும் பலர் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். வாட் என்பது வண்டியின் வேகம் மாதிரி. யூனிட் என்பது ஓடிய தூரம். 1,000 வாட் கருவி ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 100 வாட் கருவி பத்து மணி நேரம் ஓடினாலும் அதே ஒரு யூனிட்தான். எத்தனை வாட் என்று மட்டும் கேட்டால் செலவு தெரியாது. எத்தனை நேரம் என்றும் கேட்க வேண்டும். மிக்ஸி 750 வாட் என்று பயப்படுவதில் பொருளில்லை, அது ஓடுவது சில நிமிடம். இருபத்து நான்கு மணி நேரமும் செருகியே கிடக்கும் செட்டாப் பாக்ஸ் 10 வாட் இழுத்தாலும் இரண்டு மாதத்தில் 14 யூனிட்டைத் தாண்டிவிடும்.

ஒரு யூனிட்டுக்குள் எவ்வளவு வேலை அடங்கியிருக்கிறது என்பது நமக்குச் சரியாக உறைப்பதில்லை. இயற்பியல் கணக்கில் அது 36 லட்சம் ஜூல். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்று ஊரில் சொல்வார்கள். பல துண்டுகளைச் சேர்த்தது என்றே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், அது இருக்கட்டும். 80 டன்னை 60 மீட்டர் உயரத்துக்குத் தூக்க, உராய்வில் வீணாவதை விட்டுவிட்டுப் பார்த்தால், 13 யூனிட் போதும். யூனிட் நாலரை ரூபாய் என்று வைத்தால் 59 ரூபாய்க்கும் குறைவு. இன்னொரு கணக்கும் உண்டு. உடலால் உழைக்கும் ஒருவர் நாள் முழுக்கச் சராசரியாக 75 வாட் அளவுக்கு வேலை செய்ய முடியும். எட்டு மணி நேரம் மண்வெட்டி பிடித்தால் 0.6 யூனிட். மின்சாரம் மலிவா, கூலி மலிவா என்று யாராவது கேட்டால் இந்த எண்ணைச் சொல்லலாம்.

இதையெல்லாம் வீட்டு மீட்டரிலேயே பார்த்துக்கொள்ளலாம். பழைய மீட்டரில் அலுமினியத் தட்டு ஒன்று சுற்றும். இப்போதைய மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுக்குகிறது. அதன் பக்கத்தில் ஓர் எண் அச்சிட்டிருக்கும், பல மீட்டர்களில் 3200. 3,200 முறை மினுக்கினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். அப்படியானால் ஒரு மினுக்கு 1,125 ஜூல். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்து, ஃபிரிட்ஜ் பிளக்கையும் எடுத்துவிட்டு, ஒரே ஒரு ஃபேனை முழு வேகத்தில் போட்டு மீட்டர் முன்னால் கைபேசிக் கடிகாரத்தோடு நில்லுங்கள். ஒரு மினுக்குக்கும் அடுத்த மினுக்குக்கும் இடையே 15 விநாடி ஆனால் ஃபேன் இழுப்பது 1,125-ஐ 15-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 75 வாட். சாதாரணச் சீலிங் ஃபேன் அவ்வளவுதான் இழுக்கும். மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. வகை ஃபேன் என்றால் 35 விநாடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் ஒரு விநாடிக்கு ஒன்றாகத் துடிக்கும். கீசருக்கு விநாடிக்கு இரண்டு. எண்ணுவதற்கே சிரமமாக இருக்கும். உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால் 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கருவியையும் அணைத்த பிறகும் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால், எங்கேயோ ஏதோ இழுத்துக்கொண்டிருக்கிறது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடும் முன் இன்வெர்ட்டரை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள், அனேகமாக அதுதான்.

எடிசனின் முதல் வாடிக்கையாளர்களுக்கு இந்த வசதி இல்லை. நியூயார்க்கில் 1882-இல் அவர் மின்சாரம் விற்கத் தொடங்கியபோது மீட்டர் என்பது துத்தநாகத் தகடுகள் முக்கி வைத்த ஒரு கரைசல் பாட்டில். மின்சாரம் ஓட ஓட ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து மற்றதில் படியும். கம்பெனி ஆள் வந்து தகட்டை எடுத்துப்போய் எடை போட்டுப் பில் போடுவார். வாடிக்கையாளர் சரிபார்க்க வழியே கிடையாது. பல்லாண்டு நம் வீடுகளில் ஓடிய சுற்றும் தட்டு மீட்டரின் வகை 1889 வாக்கில் ஹங்கேரியின் கான்ஸ் தொழிற்சாலையில் ஓட்டோ பிளாதி என்பவர் உருவாக்கியது.

எந்தக் கருவி தின்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும்: சூடாக்குவது எதுவோ அது தின்னும். ஏன் என்பதற்கு ஒரு பக்கெட் தண்ணீரே போதுமான உதாரணம். 15 லிட்டர் பக்கெட். அதைத் தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்தில் உள்ள மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்ற ஏறத்தாழ 1,470 ஜூல் வேண்டும். மோட்டார் மூன்றில் இரண்டு பங்கை வீணடித்தாலும் ஐயாயிரத்துக்குள் முடிந்துவிடும். அதே தண்ணீரைக் குளிப்பதற்காக 15 டிகிரி சூடாக்கப் பாருங்கள். ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 4,200 ஜூல்; மொத்தம் 9 லட்சத்து 45 ஆயிரம் ஜூல். மாடிக்கு ஏற்றுவதைப் போல 600 மடங்குக்கும் மேல். தண்ணீர் அவ்வளவு லேசில் சூடாகாத பொருள், ஒருமுறை சூடானால் அவ்வளவு லேசில் ஆறாத பொருளும்கூட. ஒரு பக்கெட் வெந்நீர் கால் யூனிட்டுக்குச் சற்று அதிகம். நான்கு பேர் தினமும் குளித்தால் இரண்டு மாதத்தில் 63 யூனிட். கீசரைத் தேவைக்கு மேல் போட்டுவிட்டு மறப்பதால் வரும் செலவு இதற்கு மேல்.

ஏ.சி.யின் கதை கொஞ்சம் வேறு. ‘ஒன்றரை டன் ஏ.சி.’ என்கிறோமே, அந்த டன் எடையல்ல. பனிக்கட்டி வைத்துக் குளிரூட்டிய காலத்து அளவு அது: ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது அறையிலிருந்து எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகம். இங்கே டன் என்பது அமெரிக்க டன், 907 கிலோ. வாட் கணக்கில் சுமார் 3,500. ஆக, ஒன்றரை டன் ஏ.சி. 5,000 வாட்டுக்கும் அதிகமான வெப்பத்தை அறையிலிருந்து வெளியே தள்ளுகிறது. ஆனால் மின்சாரமாக இழுப்பது சுமார் 1,500 வாட்தான். இதில் மாயம் எதுவும் இல்லை. கீசர் வெப்பத்தை உண்டாக்குகிறது, ஏ.சி. வெப்பத்தை உண்டாக்குவதுமில்லை, அழிப்பதுமில்லை, உள்ளே இருப்பதை எடுத்து வெளியே வைக்கிறது. இடம் மாற்றுவதற்கான கூலியை மட்டும் நாம் கட்டுகிறோம்.

கூலி எவ்வளவு என்பது எவ்வளவு வெப்பம் திரும்ப உள்ளே கசிகிறது என்பதைப் பொறுத்தது. வெளியே 36 டிகிரி, உள்ளே 24 என்றால் வித்தியாசம் 12. ரிமோட்டில் 18 வைத்தால் வித்தியாசமும் 18. சுவர், கூரை வழியாக ஒன்றரை மடங்கு வெப்பம் கசியும். பழைய வகை ஏ.சி.யில் 18 வைத்தால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பதும் நம்பிக்கைதான். கம்ப்ரசருக்கு இருப்பது ஒரே வேகம். 18 என்று வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவே. 2020 ஜனவரி முதல் புதிய அறை ஏ.சி.க்கள் போட்டவுடன் 24-இல் தொடங்க வேண்டும் என்று ஒன்றிய அரசு விதித்தது இதனால்தான்.

ஏ.சி.யில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் இருக்கும். கடைக்காரர் நட்சத்திரத்தைக் காட்டுவார், நீங்கள் எண்ணைப் பாருங்கள். அதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது; நாளுக்கு நாலரை மணிகூட வராது. ராத்திரி எட்டு மணி நேரம், வருடத்தில் எட்டு மாதம் ஓட்டும் வீட்டில் 1,900 மணி நேரத்தைத் தாண்டும். சென்னை வெயிலில் லேபிளை நம்பி பட்ஜெட் போட்டால் பில் வரும் நாளில் ஈ.பி. மேல் கோபப்பட வேண்டியிருக்கும்.

இதுவரை சொன்னது இயற்பியல். அங்கே எல்லா யூனிட்டும் ஒன்றுதான். முதல் யூனிட்டும் ஐநூறாவது யூனிட்டும் அதே 36 லட்சம் ஜூல். பில்லுக்கு வந்தால் இந்தச் சமத்துவம் போய்விடுகிறது.

தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தில் 2022 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த அட்டவணையை எடுத்துக்கொள்வோம். பிறகு விகிதங்கள் கொஞ்சம் ஏறின. கணக்கின் போக்கைப் புரிந்துகொள்ள இது வசதியானது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இந்தச் சலுகை 2016 மே முதல் எல்லா வீடுகளுக்கும் உண்டு. 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு இரண்டே கால் ரூபாய். 400 வரை நாலரை ரூபாய். 500 வரை ஆறு ரூபாய். 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு மொத்தம் 1,725 ரூபாய்.

இப்போது 501 யூனிட் ஓடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு யூனிட்டுக்கு எட்டு ரூபாய், நியாயம்தான். ஆனால் 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு வேறு அட்டவணை. அதில் 101 முதல் 200 வரையிலான இரண்டே கால் ரூபாய்ச் சலுகை கிடையாது. அந்த நூறுக்கும் நாலரை ரூபாய். பின்னால் போய் 225 ரூபாயைச் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள். பில் 1,958. ஒரே யூனிட்டின் விலை 233 ரூபாய். இதற்கு முந்தைய அட்டவணையில் இன்னும் மோசம்: 500 யூனிட்டுக்கு நிலைக் கட்டணத்தோடு 1,130 ரூபாய், 501-க்கு 1,786 ரூபாய் 60 காசு. ஐந்நூற்றோராவது யூனிட் 656 ரூபாய்! ஒரு பக்கெட் வெந்நீரின் கால் யூனிட்டுக்காக எத்தனையோ வீடுகள் அதைக் கட்டியிருக்கும், ஏன் என்று தெரியாமலே.

ஸ்லாப் என்றாலே இப்படித்தான் என்று நினைத்து, வருமான வரியையும் சிலர் இப்படியே பார்க்கிறார்கள். ‘இன்கிரிமென்ட் வந்தால் அடுத்த ஸ்லாபுக்குப் போய்விடுவேன், கைக்கு வருவது குறைந்துவிடும்’ என்று படித்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது தவறு. 2025–26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. 8 லட்சம் வரை 5 சதவீதம், 12 லட்சம் வரை 10, 16 லட்சம் வரை 15, 20 லட்சம் வரை 20 சதவீதம் என்று போகிறது. வரிக்குரிய வருமானம் 16 லட்சமாக இருந்து 16.5 லட்சமானால், கூடுதலான 50 ஆயிரத்துக்கு மட்டுமே 20 சதவீதம். கீழே உள்ள 16 லட்சத்தின் வரி ஒரு ரூபாய்கூட மாறாது. 4 சதவீத செஸ் சேர்த்து 10,400 ரூபாய் போக 39,600 கைக்கு வரும். ஸ்லாப் ஏறியதால் கைக்காசு குறைவது இங்கே நடக்காது.

வருமான வரியிலும் ஓர் இடத்தில் அந்த 501 பள்ளம் வந்திருக்கும். 12 லட்சம் வரை வரிக்குரிய வருமானம் உள்ளவர்களுக்கு 60 ஆயிரம் ரூபாய் வரியை முழுவதும் தள்ளுபடி செய்கிறார்கள். ஒருவருக்கு 12 லட்சத்துப் பத்தாயிரம் என்றால் தள்ளுபடி போய்விடும். ஸ்லாப் கணக்குப்படி 61,500 ரூபாய் கட்ட வேண்டும். பத்தாயிரம் கூடச் சம்பாதித்ததற்கு அறுபத்தோராயிரத்து ஐந்நூறு! அதனால் சட்டத்திலேயே ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள்: 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு வந்ததோ, வரி அதற்கு மேல் போகக்கூடாது. அவர் கட்ட வேண்டியது பத்தாயிரமும் அதற்கு செஸ்ஸும். கிட்டத்தட்ட 12 லட்சத்து 70 ஆயிரம் வரை இந்தத் தடுப்பு வேலை செய்யும். கோடு போட்ட இடத்தில் ஆள் விழுந்துவிடாமல் சாய்தளம் கட்டுவது பெரிய கணிதம் அல்ல. வருடத்துக்குப் பன்னிரண்டு லட்சம் சம்பாதிப்பவருக்குச் செய்து கொடுத்ததை, 501 யூனிட் ஓட்டிய நடுத்தர வீட்டுக்கும் செய்யலாம். கட்டணம் திருத்துமுன் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி இது.

யூனிட்டுகள் சமமில்லை என்பதற்கு வேறொரு விளைவும் உண்டு. மூன்று ஃபேன், ஃபிரிட்ஜ், கீசர், மோட்டார், டிவி எல்லாம் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு 355 யூனிட் ஓடும் ஒரு வீடு. பில் 922 ரூபாய் 50 காசு. இந்த வீட்டில் ஏ.சி. வாங்கி ராத்திரி எட்டு மணி நேரம் ஓட்டுகிறார்கள். கம்ப்ரசர் நின்று நின்று ஓடுவதால் சராசரி 1,000 வாட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்தில் 480 யூனிட். மொத்தம் 835. மேலே போகப் போக யூனிட் விலை ஒன்பது, பத்து ரூபாய் என்று ஏறுவதால் பில் 4,900. வீடு முழுவதும் இதுவரை யூனிட்டுக்குச் சராசரியாக 2 ரூபாய் 60 காசில் ஓடியது, ஏ.சி.யின் யூனிட் எட்டு ரூபாயைத் தாண்டுகிறது.

இதே வீட்டில் மூன்று சாதாரண ஃபேன்களையும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன்களாக மாற்றினால், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரக் கணக்கில், 97 யூனிட் மிச்சம். ஏ.சி. இல்லாதபோது இது 436 ரூபாய். ஏ.சி. இருக்கும்போது மிச்சமாவது உச்சியில் உள்ள பத்து ரூபாய், ஒன்பது ரூபாய் யூனிட்டுகள். ஆகவே 908 ரூபாய். ஃபேன் ஒன்று, சுற்றும் வேகம் ஒன்று, மிச்சமாகும் யூனிட் ஒன்று. பணம் மட்டும் இரண்டு மடங்கு. சேமிப்பின் மதிப்பைச் சராசரி விலையால் கணக்கிடக்கூடாது, உங்கள் பில்லின் கடைசி வரியில் உள்ள விலையால் கணக்கிட வேண்டும். ஃபேன் மூன்றும் சேர்ந்து ஒன்பதாயிரம் என்றால், ஏ.சி. வீட்டுக்குப் பத்து பில்லில் போட்ட காசு திரும்பிவிடும்.

மாதாமாதம் ரீடிங் எடுத்தால் பில் குறையும் என்ற பேச்சும் வெகுநாளாக இருக்கிறது. குறையுமா என்பது, இலவச நூறும் ஐந்நூறு எல்லையும் மாதக் கணக்கில் அப்படியே இருக்குமா, பாதியாகுமா என்பதைப் பொறுத்தது. அப்படியே இருந்தால் பெரிய லாபம். பாதியானால் பல வீடுகளுக்கு நஷ்டம். ஏப்ரலில் 150, மேயில் 350 ஓட்டிய வீட்டுக்கு அதே 2022 அட்டவணைப்படி இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 1,725 ரூபாய். பாதியாக்கிய ஸ்லாபில் மாதாமாதம் கணக்கிட்டால் 2,162 ரூபாய் 50 காசு. குறைந்த மாதமும் கூடிய மாதமும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும் வசதி இரண்டு மாதக் கணக்கில்தான் இருக்கிறது. மாதக் கணக்கீடு கேட்பவர்கள் ஸ்லாப் எப்படி என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

அதுவரை கையில் இருப்பது மீட்டரும் காலண்டரும். கடைசியாக ரீடிங் எடுத்த தேதியையும் அன்றைய எண்ணையும் பில்லிலிருந்து எழுதி மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். 45-ஆம் நாள் போய்ப் பாருங்கள். 375 யூனிட்டைத் தாண்டியிருந்தால் இதே வேகத்தில் 500-ஐத் தாண்டப்போகிறீர்கள். மிச்சமுள்ள பதினைந்து நாளில் லைட்டை விட்டுவிட்டு ஏ.சி.யையும் கீசரையும் கவனியுங்கள். ரீடிங் எடுக்க ஆள் வருவது தள்ளிப்போனால் ஈ.பி. ஆபீசுக்கு ஒரு போன் போடுங்கள். நாளுக்கு எட்டு யூனிட் ஓடும் வீடு அறுபது நாளில் 480, அறுபத்து மூன்றாவது நாளில் 504.